நன்றாகப் பாடும்போதே ஆய்வுக்குப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 16 உலகக் குரல் தினம். 1999-இல் பிரேசிலில் ஆரம்பித்தது, இப்போது பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். நம் ஊர் மருத்துவமனைகளிலும் அந்தச் சமயத்தில் குரல் பரிசோதனை முகாம் நடக்கிறது. அதுபோக, குரலைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் வருடம் முழுக்கப் பாடகர்களைத் தேடி அலைகிறார்கள். பாடுகிறவர்கள்தான் போகமாட்டேன் என்கிறோம்.

நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் வட்டத்தில் யாரைக் கேட்டாலும் "என் தொண்டை நன்றாகத்தானே இருக்கிறது, நான் எதற்கு?" என்பார்கள். தொண்டை கெட்டவர்களும் வரமாட்டார்கள், அதற்குக் காரணம் வேறு. 'அவருக்குக் குரல் போய்விட்டதாம்' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் டிசம்பர் சீசனுக்குக் கச்சேரி கிடைக்காதே என்ற பயம். அந்தப் பயத்தை என்னால் குறை சொல்ல முடியாது. ஆனால் நன்றாக இருப்பவர்கள் ஒதுங்குவதுதான் எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் ஆய்வுக்கு முதலில் வேண்டியதே நல்ல குரல். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண்ணுக்கு ஆதார ஸட்ஜத்தில், அதாவது அடிப்படை 'ஸ'வில், குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 196 தடவை அதிர்கின்றன, தாரஸ்தாயி பஞ்சமத்தில், அதாவது மேல்ஸ்தாயி 'ப'வில், நிற்கும்போது சுமார் 590 தடவை. அதோடு ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம், வேகமாக உருட்டிப் பாடும் பிருகா, மேல்காலத்தில் ஸ்வரம், இரண்டு இரண்டரை மணி நேரம். இப்படிப் பாடும் ஆரோக்கியமான தொண்டை எப்படி இருக்கும், எங்கே களைக்க ஆரம்பிக்கும் என்ற கணக்கு கையில் இல்லாமல், கம்மிய குரலோடு வந்து உட்காரும் பாடகரின் தொண்டையை மருத்துவர் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்? பாடகர் குரலைப் பற்றி இதுவரை வந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி மேல்நாட்டுப் பாடகர்களை, அதிலும் ஆப்பரா என்ற இசை நாடகத்தில் பாடுகிறவர்களை வைத்துச் செய்தது. சென்னை ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியிலும் மைசூரில் 'ஐஷ்' என்று எல்லோரும் சொல்லும் பேச்சு, கேட்டல் நிறுவனத்திலும் கர்நாடக சங்கீதக்காரர்களை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். நல்ல வேலை, ஆனால் போதாது.

என்ன செய்வார்களோ என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதனால் நான் போய்ப் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வித்தாள். பாடகர்களுக்கென்றே 36 கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு, பாடுவதில் என்னென்ன சிரமம், அதனால் மனசு எவ்வளவு பாதிக்கிறது என்று 'ஒருபோதும் இல்லை'யிலிருந்து 'எப்போதும்' வரை குறிக்க வேண்டும். அப்புறம் சத்தமில்லாத ஓர் அறையில் மைக்குக்கு முன்னால் உட்காரவைத்து ஒரே மூச்சில் 'ஆ' சொல்லச் சொன்னார்கள், எவ்வளவு கீழே போக முடியுமோ அங்கிருந்து எவ்வளவு மேலே போக முடியுமோ அதுவரை குரலை இழுக்கச் சொன்னார்கள், பாட்டில் முதல் பாடமான சரளி வரிசையைப் பாடச் சொன்னார்கள். கழுத்தில் இரண்டு பக்கமும் ரூபாய் நாணயம் அளவில் இரண்டு வட்டத் தகடுகளை ஒரு பட்டையால் கட்டினார்கள், குரல்நாண்கள் எப்படிச் சேர்ந்து பிரிகின்றன என்பதை அது கோடாகப் போட்டுக் காட்டும், தோலில் ஒன்றுமே தெரியாது. கடைசியில் கேமரா. நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு 'ஈ' என்று சொல்லச் சொன்னார்கள். குமட்டல் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. விட்டு விட்டு மின்னும் விளக்கு என்பதால் அத்தனை வேகமாக அதிரும் நாண்கள் திரையில் மெதுவாக அசைவதுபோல் தெரிந்தன. இத்தனை வருடம் இதை வைத்துத்தான் பிழைக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்: வெள்ளையாக, சின்னதாக, இரண்டு மடிப்பு. எல்லா ஆய்விலும் கேமரா கிடையாது, பாடிப் பதிவு செய்து கொடுத்தாலே போதும் என்கிற ஆய்வுகளும் உண்டு.

இன்னொன்று சொல்ல வேண்டும். உயிருள்ள மனிதனின் குரல்நாண்கள் வேலை செய்வதைக் கண்ணாடி வைத்துப் பார்த்து உலகத்துக்குத் தெளிவாகச் சொன்னவர் மருத்துவரே கிடையாது. மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854-இல் பல் மருத்துவர் கண்ணாடி ஒன்றையும் கைக்கண்ணாடி ஒன்றையும் வைத்து வெயிலில் தன் தொண்டையைத் தானே பார்த்தார், மறு வருடம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை எழுதிக் கொடுத்தார். ஆக, இது ஆரம்பத்திலிருந்தே நம் வேலைதான்.

அதே சமயம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் கூடாது. பல வருடத்துக்கு முன்னால் நான் போன ஓர் ஆய்வில் ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது, முடிவு என்ன ஆயிற்று என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள்படி, பங்கெடுப்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது. தமிழில் படிவம் கேளுங்கள், தயங்காதீர்கள். பாடுகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும்: பதிவு செய்த குரல் எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், வேறு யாருக்காவது கொடுப்பார்களா? பெயரை எடுத்துவிட்டோம் என்று சொன்னால் ரத்தப் பரிசோதனைக்குச் சரி. பாடகரின் குரலுக்குப் போதாது, நாலு வரி ஆலாபனை கேட்டால் யார் என்று ரசிகர் சொல்லிவிடுவார். கொஞ்சம் பதிவு கிடைத்தாலே ஒருவர் குரலைச் செயற்கையாக உண்டாக்கும் காலம் இது. ஆகவே பதிவுக்குத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும், அளந்து முடித்தபின் அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஒளிந்துகொள்ளும் பாதிப்பேர் தாமாகவே வருவார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்தாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பையன்களுக்கு மகரக்கட்டு வருகிறது, அதாவது குரல் உடைகிறது. அந்தச் சமயத்தில் பாட்டை நிறுத்த வேண்டுமா, சுருதியை இறக்கித் தொடரலாமா, மேல்ஸ்தாயியை மட்டும் விட்டுவிடலாமா? ஒவ்வொரு வாத்தியாரும் தனக்குத் தன் குரு சொன்னதைச் சொல்கிறார், ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு ஒத்துவருவதில்லை. நல்ல ஞானமுள்ள எத்தனையோ பையன்கள் இந்த இடத்தில்தான் பாட்டை விட்டுவிட்டு மிருதங்கத்துக்கோ வெறும் படிப்புக்கோ போய்விடுகிறார்கள். நம் முறையில் பாடும் பையன்களை மூன்று நாலு வருடம் தொடர்ந்து பார்த்து அளந்தால்தான் இதற்கு ஒரு பதில் வரும், அதற்குப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும், பையனிடமும் கேட்க வேண்டும். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் பேசத் தயார்.

ஆய்வு செய்கிறவர்களும் சபா பாடகர்களோடு நின்றுவிடக் கூடாது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தேவாரம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கோயில்களில் தினமும் பாடும் ஓதுவார்கள் இருக்கிறார்கள், விடிய விடியத் தொண்டையைத் திறந்து பாடும் தெருக்கூத்துக்காரர்கள் இருக்கிறார்கள். கூத்து முடிந்த மறுநாள் காலையில் அவர்கள் குரலை யாராவது அளந்து பார்க்க வேண்டும். அவர்களைச் சென்னைக்கு வரச் சொல்லாமல், கருவியை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போங்கள், அன்றைய கூலி போகாதபடி ஏதாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியை,
திருச்சி