வேட்பாளரின் பக்தி

ஆசிரியருக்கு,

தேர்தல் மேடையில் வேட்பாளர் தன் இறைநம்பிக்கையைப் பேசுவதே தவறு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அதையே தகுதியாகக் காட்டி வாக்குக் கேட்பது வேறு விஷயம். 1960இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஜான் எஃப். கென்னடி கத்தோலிக்கர் என்பதாலேயே பலர் அவரைச் சந்தேகித்தார்கள். ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்று, பொது விஷயங்களில் தன் திருச்சபைக்காகத் தான் பேசுவதில்லை, திருச்சபையும் தனக்காகப் பேசுவதில்லை என்று நேரடியாகச் சொன்னார். மதத்தை மறைக்கவும் இல்லை, அதைக் காட்டி வாக்குக் கேட்கவும் இல்லை. சரி, இன்று பிரசாரத்தில் பக்தியைப் பேசுபவர்களிடம் நிருபர்கள் ஏன் இதைக் கேட்பதில்லை: உங்கள் நம்பிக்கையை ஏற்காதவருக்கும் பள்ளியும் மருத்துவமனையும் நீதியும் அதே உரிமையோடு கிடைக்குமா? எந்த வழிபாட்டுத் தலத்துக்குப் போனார் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அடுத்த பேட்டியிலாவது உங்கள் நிருபர்கள் இதைக் கேட்க வேண்டும்.

– ஒரு வாசகர்