கருகிய இலைக்குப் பொட்டாஷ் போட்ட கதை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பதிலை நம்பித்தான் போன வருஷம் அறுவடை முடிந்ததும் மாந்தோப்புக்குப் பொட்டாஷ் போட்டேன். குறை சொல்வதற்காக எழுதவில்லை. நான் அனுப்பிய படத்தை நீ ஏதோ ஒரு ஆப்பில் போட்டாய், அது சாம்பல் சத்துக் குறைவு, அதாவது பொட்டாஷ் போதவில்லை என்றது. உரக்கடையிலும் அதையேதான் சொன்னார்கள். முற்றிய இலையின் நுனியும் ஓரமும் செங்கல் நிறத்தில் கருகியிருந்தால் யாருக்குமே அப்படித்தான் தோன்றும்.

சாம்பல் சத்து போதாவிட்டால் மரம் பழைய இலையில் இருப்பதை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் முற்றிய இலைதான் முதலில் தீயும். துத்தநாகமும் இரும்பும் அப்படி இடம் மாறாது. குறைந்தால் கொழுந்திலேயே காட்டிக்கொடுக்கும்: துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்துக் கொத்தாக நிற்கும், இரும்பு குறைந்தால் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவெல்லாம் வெளுக்கும். இதெல்லாம் தெரிந்தும் ஏமாந்தேன்.

இந்தச் சித்திரையில் கருகல் இன்னும் அதிகமானது. இலை கொட்ட ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம் வரிசை வரிசையாக நடந்தபோதுதான் பட்டது. மேட்டில் மழையை மட்டும் நம்பி நிற்கிற மரங்களில் கருகலே இல்லை. அதே பெங்களூரா ரகம், அதே வயசு, அதே உரம். புது போர்வெல் தண்ணீர் பாய்கிற நாலு வரிசையில்தான் அத்தனையும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று உன் அம்மா அன்றைக்கே சொன்னாள்!

அப்புறம்தான் தண்ணீரையும் மண்ணையும் இலையையும் சோதனைக்குக் கொடுத்தேன். இலையைக் கண்ட இடத்தில் பறிக்கக் கூடாதாம். நாலைந்து மாதம் ஆன இலையாக, கிளையின் நடுவிலிருந்து, மரத்தின் நாலு பக்கமும் எடுத்து, நல்ல மரத்துக்கும் கெட்ட மரத்துக்கும் தனித்தனிப் பையில் போட வேண்டும். முடிவு வந்தது: குளோரைடு உப்பு அதிகம். அது ஏறிவிட்டால் மண்ணில் சாம்பல் சத்து இருந்தாலும் மரத்துக்குச் சேராது. நாம் போட்ட பொட்டாஷோ மியூரியேட் வகை, அதில் கிட்டத்தட்ட பாதி குளோரைடுதான். உப்புக்கு மேல் உப்பைக் கொட்டியிருக்கிறோம்.

சரி, இனி மாமரத்துக்குக் குளோரைடு அதிகமில்லாத சல்பேட் வகைப் பொட்டாஷ்தான். விலை அதிகம், ஆனால் தேவைப்படுகிற வரிசைக்கு மட்டும் போதும். போர் தண்ணீரை நிறுத்திவிட்டேன். கோடைக்குப் பண்ணைக்குட்டைத் தண்ணீரை வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறேன். இரண்டு நல்ல மழை பெய்து மண்ணிலிருக்கும் உப்பைக் கீழே இறக்கினால் அடுத்த கொழுந்து எப்படி வருகிறதென்று பார்க்கலாம். கருகிய இலை மறுபடி பச்சையாகாது, அதை எதிர்பார்க்காதே.

இதோடு இரண்டு இலை வைத்திருக்கிறேன். உன் கைக்கு வருவதற்குள் இரண்டுமே காய்ந்து ஒன்றுபோலத்தான் இருக்கும். காம்பில் நூல் கட்டியிருப்பது போர் பக்கத்து மரத்துடையது.

அப்பா