எங்கள் எழுபது சென்ட்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நம் கோவை செம்மொழிப் பூங்காவின் படங்களை உங்கள் நாளிதழில் பார்த்ததிலிருந்து பேத்தி விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்துக்கு அழைத்துப் போய்வந்தேன். 2010 செம்மொழி மாநாட்டின்போது அறிவித்த பூங்கா. 2023 டிசம்பரில் அடிக்கல் நட்டு, 2025 நவம்பரில் திறந்தார்கள். வ.உ.சி. செக்கிழுத்த சிறையின் நிலத்தில் இன்று 45 ஏக்கருக்குப் பூவும் நிழலும் இருப்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆனால் மாநகரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். திரும்பும்போது பேத்தி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாதம் ஒருமுறை அப்படிப் போய்வரலாம். தினமும் மாலை நாலு மணிக்கு அவள் எங்கே ஓடுவாள்?

பஸ்ஸில் வேறு வேலையில்லாததால் மனக்கணக்குப் போட்டேன். இன்றைய மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16 லட்சம் பேர். அந்த 45 ஏக்கரை இவர்களுக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒன்றேகால் சதுர அடிகூட முழுதாக வராது. நிற்கலாம், சம்மணமிட்டு உட்கார முடியாது. மத்திய அரசின் 2014 நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. குறைந்த அளவை வைத்தே பார்த்தாலும் கிட்டத்தட்ட 4,000 ஏக்கர் ஆகிறது. சென்ட் விலை இன்று எங்கே நிற்கிறது என்று தெரிந்த யாரும், அவ்வளவு நிலத்தை வாங்கிப் பூங்கா போடுவார்கள் என்று நம்பமாட்டார்கள்.

வாங்க வேண்டிய அவசியம் இல்லாத நிலம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு உரிமையும் கொஞ்சம் குற்ற உணர்வும் உண்டு.

நாங்கள் இருப்பது 2011-ல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை என் மாமனாருக்கு அங்கே பத்து ஏக்கர் தோட்டம். சோளம் போட்டோம், கிணறு வற்றியது, ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புழுதிதான் வந்தது, விற்றோம். விற்றவர்கள் நாங்கள்தான், ஊர் கான்கிரீட் ஆகிவிட்டது என்று புலம்பும் தகுதி எங்களுக்கு இல்லை. மனைப்பிரிவு அங்கீகாரத்துக்காகச் சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கு, எழுபது சென்ட், பொது ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது. எங்கள் பக்கம் அதை ‘ரிசர்வ் சைட்’ என்பார்கள். வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசி ‘பூங்கா’ என்று எழுதியிருந்ததை மாமனார் எல்லோருக்கும் காட்டினார். சோளம் அடித்த களம் இருந்த இடம் அது. ஓரத்து வேப்பமரத்தை வெட்டவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்த எழுபது சென்ட் கரைந்த விதத்தைக் கேளுங்கள். முதலில் தண்ணீர்த் தொட்டி வந்தது. தேவைதான் என்று சும்மா இருந்தோம். பிறகு குப்பை வண்டிகள் நிறுத்த ஒரு தகரக் கொட்டகை. பிறகு தென்மேற்கு மூலையில் ஒரு பிள்ளையார் கோயில். நன்கொடை ரசீதில் என் பெயரும் இருக்கிறது, ஐந்நூறு ரூபாய். வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறவளும் நான்தான். இன்று அதை யாராவது இடிக்க வந்தால் நானே குறுக்கே நிற்பேன். ஒதுக்கீட்டு நிலத்தைத் தின்பவர்கள் எப்போதும் எங்கிருந்தோ வந்த பொல்லாத மனிதர்களாக இருப்பதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மிச்சமிருக்கும் பாதியில் நடைபாதையும் இரண்டு ஊஞ்சலும் உண்டு, சுற்றிலும் கம்பிவேலி, கதவில் பூட்டு. காலை ஐந்து முதல் எட்டு, மாலை ஐந்து முதல் ஏழரை என்று பலகை சொல்கிறது. பல நாள் மாலையில் கதவு திறப்பதே இல்லை. சாவி யாரிடம் என்று கேட்டால், மாநகராட்சி அலுவலகத்தில் குடியிருப்போர் சங்கத்தைக் கைகாட்டுகிறார்கள், சங்கத்தில் ஒப்பந்ததாரரை. திறந்து வைத்தால் கண்டவர்கள் வந்து படுத்துவிடுவார்களாம். படுக்கட்டுமே! பங்குனி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் வண்டியிலேயே சாய்ந்து கிடக்கிறார்கள். இரவுக் காவல் முடித்த பெரியவர் மூடிய கடைத் திண்ணையில் படுக்கிறார். வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் சாக்கடைச் சுவரில் உட்கார்ந்து சோறு உண்கிறார்கள். வேலிக்கு உள்ளே என் மாமனாரின் வேப்பமரம் யாருக்கும் இல்லாமல் நிழலைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. பூங்கா என்றால் காலையில் ஷூ போட்டு நடப்பவர்களுக்கான இடம் என்று எப்போது முடிவு செய்தோம்?

சட்டம் பக்கத்துணையாக இல்லாமல் இல்லை. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் பத்து சதவீத நிலத்தைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை உள்ளவற்றில் மட்டும் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்ட வழி இருக்கிறது. இந்தச் சலுகை எனக்குப் பிடிக்கவில்லை. பணத்தில் குழந்தை ஊஞ்சல் ஆட முடியாது. பணமாக வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் அந்தத் தொகையை அதே வார்டில் நிலம் வாங்கவோ மரம் வளர்க்கவோ மட்டும் செலவிடட்டும்.

நூறு வார்டுகளிலும் உள்ள ஒதுக்கீட்டு இடங்களின் புல எண், பரப்பு, இப்போதைய நிலை மூன்றையும் அந்தந்த இடத்திலேயே பலகையாக எழுதி வைக்கக் கேட்கிறேன். எழுபது சென்ட் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் அடுத்த கொட்டகை போட வருகிறவருக்குக் கொஞ்சமாவது கை கூசும். ஒரு கழிப்பறை வேண்டும். அது இல்லாத பூங்காவில் என் வயதுப் பெண்கள் அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டார்கள். புல்தரை வேண்டாம். மேற்குமலை மழையை மறைத்துக்கொள்ளும் ஊர் இது, சிறுவாணித் தண்ணீருக்கே முறை வைத்துக் காத்திருக்கிறோம். புல்லுக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு வரிசைப் புங்கனை வளர்த்துவிடலாம்; வேம்பும் வாகையும் இரண்டு வருடம் பார்த்துக்கொண்டால் பிறகு தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். மண்ணை மூடும் சிமென்ட் கற்களையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மழை பெய்யும் நாளில் தண்ணீர் உள்ளே இறங்கும்.

ஆள் சம்பளம் கொடுக்க நிதி இல்லை என்பார்கள், தெரியும். எங்கள் வீடு அந்தக் கதவுக்கு எதிர்வரிசையில்தான் இருக்கிறது. சாவியைக் கொடுத்தால் காலையில் திறந்து இரவில் பூட்டும் வேலையை நானே செய்கிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவை.