நான்கு சுற்றுக்கு மேல் எதற்கு?

ஆசிரியருக்கு,

அனுபவமுள்ள மென்பொருள் உருவாக்குநர்களை ஆறேழு சுற்று நேர்காணலுக்கு அலைக்கழிப்பது நிற்க வேண்டும். 4 நேர்காணல்களிலேயே 86 சதவீத உறுதியோடு முடிவெடுக்கலாம் என்று கூகுள் நிறுவனமே தன் தரவுகளை ஆராய்ந்து சொன்னது. அதற்குமேல் நடத்தும் ஒவ்வொன்றும் கூட்டித் தருவது சொற்பமே.

நேர்காணலில், வெள்ளைப் பலகையில் பைனரி ட்ரீயை (தரவுகளைக் கிளைகளாக அடுக்கும் அமைப்பு) தலைகீழாக்கச் சொன்னால், அண்மையில் பயிற்சி எடுத்தவர் ஜெயிப்பார். பத்தாண்டுகளாக ஓடும் சர்வரைக் காப்பாற்றி வந்தவர் திணறுவார். அதற்குப் பதில், பிழையுள்ள சிறு நிரலைக் கொடுத்து, 90 நிமிடத்தில் படித்து, பிழையைத் திருத்தி, அதைச் சரிபார்க்கும் ஒரு டெஸ்ட்டும் எழுதச் சொல்லலாம். பிறகு அவர் கட்டிய அமைப்பைப் பற்றி 45 நிமிட உரையாடல். மதிப்பெண் அளவுகோலை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நேர்காண்பவர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு முன்பே மதிப்பெண்ணைப் பதிவுசெய்ய வேண்டும்; இல்லாவிட்டால் மூத்தவர் கருத்தே எல்லோர் கருத்தாகிவிடும்.

தேர்வின் பகுதியாக வீட்டிலிருந்து செய்து அனுப்பச் சொல்லும் ‘இரண்டு மணி நேர’ நிரல் எழுதும் பணி பெரும்பாலும் வார இறுதியையே விழுங்குகிறது. அதற்கு ஊதியம் தருவதே நியாயம்.

விண்ணப்பிப்பவர்கள் முதல் அழைப்பிலேயே எத்தனை சுற்று, மொத்தம் எத்தனை மணி நேரம், முடிவெடுப்பவர் யார் என்று கேட்டுவிடுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் விலகுங்கள்.

– ஒரு மென்பொருள் பொறியாளர்