பிராவும் கெட்டும்: மாப்பிள்ளைக்குப் பதில்

கொடைக்கானல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே பேரிக்காய் இந்த வருடம் நன்றாகத்தான் காய்த்தது. பாதியைக் காட்டுமாடு தின்றது, மீதியைக் குரங்கு. வேலியைப் பற்றி இனி எனக்கு யாரும் யோசனை சொல்ல வேண்டாம்.

வங்கி வேலையில் ஓய்வு பெற்றவன் மகளின் எம்.எஸ்சி. நோட்டைப் புரட்டிக் குவாண்டம் இயற்பியல் கேட்கிறாய்: அதிலுள்ள கோண அடைப்புக்குறி என்ன, செயலி என்பது அளவிடுவதுதானா என்று. பாடம் நடத்திய வாய் சும்மா இருக்குமா?

முதலில் அந்தக் கோண அடைப்புக்குறி. 1939-இல் இயற்பியலாளர் டிராக் கொண்டுவந்த குறியீடு அது. |மேல்⟩ என்பது கெட். தற்சுழற்சி (spin, துகளுக்கு இயல்பாகவே உள்ள சுழற்சி போன்ற பண்பு) மேல்நோக்கிய நிலை. உள்ளே எழுதியிருப்பது வெறும் பெயர்ச்சீட்டு, எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கெட்டை ஒரு நிரல் அணியாக, அதாவது மேலிருந்து கீழாக அடுக்கிய எண்களாக, நினைத்துக்கொள். அதைப் படுக்கப்போட்டு நிரையாக்கி, உள்ளிருக்கும் எண்களுக்கு இணைக் கலப்பெண்களை (கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றியவை) எழுதினால் ⟨மேல்| என்ற பிரா. ⟨கீழ்|மேல்⟩ என்று சேர்த்தால் ஓர் எண் கிடைக்கும், இங்கே பூஜ்யம். ஆனால் முதுகோடு முதுகாக |மேல்⟩⟨மேல்| என்று எழுதினால் அது எண்ணே இல்லை, ஒரு செயலி (operator), அதாவது ஒரு கெட்டை எடுத்து இன்னொரு கெட்டைக் கொடுக்கும் கணக்கு விதி. வலப்பக்கம் எந்தக் கெட்டை வைத்தாலும் அதிலுள்ள 'மேல்' பங்கை மட்டும் பிரித்துக் கொடுக்கும். நீ விழித்த வரி இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த கேள்விதான் கேள்வி. செயலி ஒரு நிலைமேல் செயல்படுவதும் அளவிடுவதும் ஒன்றா என்று கேட்டிருக்கிறாய். இல்லவே இல்லை. பாடப்புத்தகங்கள் பல இந்த இடத்தை மேலோட்டமாகத் தாண்டிவிடுவதால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கணக்காகவே பார். 1922-இல் ஸ்டெர்ன், கெர்லாக் என்ற இயற்பியலாளர்கள் வெள்ளி அணுக்கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே விட்டபோது அது இரண்டாகப் பிரிந்தது. அந்தக் கருவியைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து 'மேல்' நிலை அணுக்களை அனுப்பு. பாதி 'வலம்', பாதி 'இடம்' என்று பிரியும். விடைகளை +1, −1 என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் பிளாங்க் மாறிலியை 4π-ஆல் வகுத்த அளவு). குறியீட்டில்,

|மேல்⟩ = (|வலம்⟩ + |இடம்⟩)/√2

சாய்த்த கருவிக்கு உரிய செயலியைப் பக்கவாட்டுச் செயலி என்போம். அது |வலம்⟩ மேல் பட்டால் அதையே +1-ஆல் பெருக்கும். |இடம்⟩ மேல் பட்டால் −1-ஆல். ஆகவே |மேல்⟩ மேல் பட்டதும்,

(|வலம்⟩ − |இடம்⟩)/√2 = |கீழ்⟩

செயலி கொடுத்தது 'கீழ்'. கருவியிலிருந்து வெளியே வந்ததோ வலம் அல்லது இடம். எந்த அணுவும் 'கீழ்' என்று வரவில்லையே!

பிறகு அந்த |கீழ்⟩ எதற்கு? இடப்பக்கம் ⟨மேல்| ஒட்டிப் பார். ⟨மேல்|கீழ்⟩ பூஜ்யம். அதுதான் பல அணுக்களை அளந்தால் வரும் சராசரி: பாதி +1, பாதி −1. வரக்கூடிய விடைகள் எவை, ஒவ்வொரு விடைக்கும் உரிய நிலை எது என்ற விவரம் முழுவதும் செயலிக்குள் இருக்கிறது. எந்த விடை வரும் என்பதை மட்டும் அது சொல்லாது. நிகழ்தகவைத்தான் கணக்கிட முடியும்.

அந்த விடைகளுக்கு ஐகன் மதிப்புகள் என்று பெயர். 1899-இல் தொடங்கிய நம் ஊர் சூரிய ஆய்வுக்கூடத்தில் இவற்றின் வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹைட்ரஜனின் ஆற்றல் செயலிக்கு உள்ள ஐகன் மதிப்புகளில் இரண்டு −3.4, −1.51 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). வித்தியாசம் 1.89. நிறமாலையில் 656.3 நானோமீட்டரில் விழும் சிவப்புக் கோடு அந்த ஆற்றலுள்ள ஒளிதான். 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் இங்கே சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்ததும் நிறமாலைக் கோடுகள் இடம் பெயர்ந்திருந்ததை வைத்துத்தான். இந்தக் குறியீடு அப்போது பிறக்கவே இல்லை.

மகளிடம் ஒரு கணக்குக் கொடு. |மேல்⟩ மேல் முதலில் பக்கவாட்டுச் செயலி, பிறகு செங்குத்துச் செயலி (|மேல்⟩-ஐ +1-ஆலும் |கீழ்⟩-ஐ −1-ஆலும் பெருக்குவது). அடுத்து வரிசையை மாற்றி. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிடு. ஒன்றில் −|கீழ்⟩, மற்றதில் +|கீழ்⟩ வரவில்லையென்றால் எனக்கு எழுதச் சொல்.

அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறாய் அல்லவா? இ-பாஸ் எடுத்துவிட்டு வா. வரும்போது வத்தலக்குண்டில் நல்ல வெற்றிலை வாங்கி வா. பூண்டு இங்கே நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்