உயிர் காக்கும் உதவிக்கு வழிபாட்டுத் தலத்தின் கடிதம் எதற்கு?

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். என் அப்பாவின் டயாலிசிஸ் செலவில் பெரும்பகுதியை இதுவரை உங்கள் அறக்கட்டளைதான் ஏற்றுவந்தது. அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் உதவியைப் புதுப்பிக்கும் படிவத்தில் இம்முறை சேர்த்திருக்கும் நிபந்தனையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. நோயாளி தவறாமல் வழிபாட்டுக்கு வருகிறார் என்று வழிபாட்டுத் தலப் பொறுப்பாளர் கடிதம் தர வேண்டுமாம். தயவுசெய்து அதை நீக்குங்கள்.

அப்பாவுக்கு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். முடிந்து எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அன்று முழுக்கப் படுக்கைதான். மற்ற நாட்களில் கொஞ்சம் தெளிவாக இருப்பார். அப்போதும் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். வழிபாட்டுக்குப் போகாதது பக்தி குறைந்ததால் அல்ல, உடம்பு இடம் கொடுக்காததால். அப்படிப்பட்டவர், ஊசி குத்திய கையில் பிளாஸ்திரி கூடப் பிரிக்காமல், அந்தக் கடிதத்துக்காகப் போய்க் காத்திருந்தார். "இவரை நான் இங்கே பார்த்ததே இல்லையே" என்றார் பொறுப்பாளர். அவர் சொன்னது உண்மை. அதற்காகச் சிகிச்சை நிற்க வேண்டுமா? டயாலிசிஸ் தவறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் மையம் தொடங்கியபோது, யாருக்குச் சிகிச்சை என்று முடிவுசெய்ய 7 பேர் கொண்ட குழு இருந்தது. நோயாளியின் சொத்து, குடும்பம், தேவாலயத்துக்குப் போகும் பழக்கம்வரை அங்கே எடைபோட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் கடும் கண்டனம் எழுந்தது. 1972இல் அந்நாட்டு அரசே செலவை ஏற்கச் சட்டம் வந்தது. அந்தக் குழுவுக்காவது இயந்திரங்கள் போதாது என்ற காரணம் இருந்தது. உங்களுக்கு என்ன காரணம்?

செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் பேரிடர் நிவாரணத்துக்காக 1994இல் வகுத்த நடத்தை நெறி, மதம் பாராமல் தேவையை மட்டும் பார்த்து உதவச் சொல்கிறது. வெள்ளத்தில் தவிப்பவருக்குப் பொருந்துவது சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொருந்தாதா?

கல்வி உதவி பெறும் பிள்ளைகளுக்கும் வழிபாட்டு வருகைப் பதிவு கேட்கிறீர்கள். தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் கையெழுத்துக்கு அலைகிறார்கள். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை என்பதற்காக அதன் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆலயம் எழுப்புங்கள், வழிபாடு நடத்துங்கள். அதை யாரும் குறை சொல்லவில்லை. அந்தக் கணக்கையும் மருந்துக் கணக்கையும் ஒன்றாக்காதீர்கள்.

நோயின் நிலையை மருத்துவமனைச் சான்று சொல்லும், வருமானத்தை வருமானச் சான்று சொல்லும். உதவியை முடிவுசெய்ய இவை இரண்டும் போதும். அடுத்த கூட்டத்திலேயே இந்த நிபந்தனையை நீக்கித் தீர்மானம் போடுங்கள். அதுவரை, கடிதம் இல்லை என்று நிறுத்தி வைத்திருக்கும் விண்ணப்பங்களுக்குப் பழையபடி உதவியைத் தொடருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்