தம்பி பட்டதாரி ஆனதை முன்னிட்டு ஓர் அறிவிப்பு

குழுவில் உள்ள மாமிமார், சித்தப்பாமார் எல்லோருக்கும்: தம்பியின் பட்டமளிப்பு முடிந்துவிட்டது. வாழ்த்து ஸ்டிக்கர் போதும், போன் சூடாகிறது. "எப்ப வேலை?" என்று இந்த மாதம் யாரும் கேட்க வேண்டாம். அடுத்த மாதம் நானே கேட்பேன்.

இனி தம்பிக்கு. திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைத்தது அம்மா. வெயிலில் ஏறிப்போய்த் தேங்காய் உடைக்க வேண்டியது நீ. அதை முடித்துவிட்டு, வேலைக்கு அனுப்புகிற உன் சீவியை (CV) எடு. "தலைமைத்துவப் பண்பு உண்டு" என்று எழுதியிருக்கிறாய். வீட்டுப் பூனைகூட உன் சொல் கேட்காது, அதை வெட்டு. மின்னஞ்சல் முகவரியில் இருக்கிற 'கிங்'கையும்தான்.

கொழும்பில் இன்டர்வியூ என்றால் இரவு ரயிலில் போ, ஆனால் ஜன்னலில் சாய்ந்து தூங்காதே. நான் அப்படித் தூங்கி, கன்னத்தில் கம்பித் தடத்தோடு போய் உட்கார்ந்தேன். கேள்வி கேட்டவர் என் சான்றிதழைப் பார்க்கவில்லை, கோடுகளைத்தான் எண்ணினார்.

முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பதறாதே. ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு உன்னிடம் 8 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி 12 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியம் என்ற இன்னொரு சேமிப்புக்கான 3 சதவீதமும் அவர் பாடு, உன் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. என் முதல் வேலையிடத்தில் ஒரு வருடம் எதுவும் கட்டவேயில்லை. வெட்கத்தில் நானும் வாய் திறக்கவில்லை. நீ கேள்.

சரி, மிச்சம் ஞாயிறு பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில். கொத்துரொட்டிக் காசு நீ கொண்டு வா, பட்டதாரி நீதானே.